சின்ன மீன்களைத் திரும்ப விடாதீர்கள்

கிழக்கு டெக்சஸில் நிலத்தின் பெரும்பகுதி தனியார் கையில் இருக்கிறது. ஓடையின் குறுக்கே மண்கரை போட்டுத் தங்களுக்கென்று ஓர் ஏரியை உண்டாக்கிக்கொண்ட குடும்பங்கள் அங்கே நிறைய. அந்த ஏரிகளில் மீன்கள் எப்படி இருக்கின்றன என்று பார்த்து, என்ன செய்யலாம் என எழுதிக் கொடுப்பது என் வேலை. வழக்கமாகத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சும் படகில் போய்க் கணக்கெடுப்போம். மீன்கள் சற்று மயங்கி மேலே வரும், வலையில் அள்ளி அளந்துவிட்டுத் திரும்ப விடுவோம். ஆனால் இது கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில்தான் சரியாக எடுபடும். உள்ளே பட்டமரங்கள் அடர்ந்து நிற்கும் ஏரி என்றால் அந்தப் படகு நுழையவே முடியாது. அங்கே தூண்டில்தான் வழி.

மார்ச் மாதத்தில் அப்படி ஓர் ஏரியில் ஒரு நாள் முழுக்க, மற்ற மீன்களைத் தின்னும் பாஸ் மீன் பிடித்தேன். ஏறக்குறைய 60 ஏக்கர். கரை கட்டியபோது காட்டை வெட்டாமல் அப்படியே மூழ்கவிட்டிருக்கிறார்கள். தண்ணீருக்கு அடியில் ஆக்சிஜன் குறைவு என்பதால் மரம் மெல்லத்தான் மக்கும். காற்றும் நீரும் மாறிமாறிப் படும் நீர்மட்டத்தில்தான் முதலில் உளுத்து ஒடியும். அதனால் கண்ணுக்குத் தெரியும் மரங்களைவிட, ஓரடி ஆழத்தில் மறைந்து நிற்கும் அடிக்கட்டைகள் அதிகம். பெரிய எஞ்சினை அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும் சின்ன ட்ரோலிங் மோட்டாரில் ஊர்ந்து போனோம். மோட்டாரை ஏரியின் சொந்தக்காரரே பிடித்துக்கொண்டார். எழுபது வயதைத் தாண்டியவர். எந்தக் கட்டை எங்கே இருக்கிறது என்பது அவருக்கு மனப்பாடம்.

மரத்தில் பாசி படியும், பாசியைத் தேடிப் பூச்சிகள் வரும், பூச்சிகளைத் தின்னப் புளூகில் என்ற சின்ன மீன்கள் வரும். அவற்றை எதிர்பார்த்து பாஸ் நிழலில் காத்திருக்கும். இதே பகுதியில் உள்ள லேக் ஃபோர்க் ஏரியின் அணையை 1980-ல் மூடித் தண்ணீர் தேக்கியபோதும் மரங்களை நிறைய விட்டுவைத்தார்கள். 1986-ல் அங்கே 17.67 பவுண்டு பாஸ் ஒன்று பிடிபட்டது, 1992-ல் 18.18 பவுண்டு மீன். அது இன்றும் மாநிலச் சாதனை. இந்த ஏரியின் சொந்தக்காரருக்கும் அப்படி ஒரு மீன் பற்றிய கனவு உண்டு. அதில் தப்பே இல்லை, ஏரி அதற்கு ஏற்றதுதான்.

முள்ளின் நுனியை ரப்பர் புழுவுக்குள் புதைத்து, முன்னால் துப்பாக்கிக் குண்டு வடிவத்தில் ஓர் எடையைக் கோப்பார்கள். இதற்கு டெக்சஸ் ரிக் என்று பெயர். நுனி வெளியே தெரியாததால் கிளையில் சிக்காது. மரத்தின் மேல் எறியக்கூடாது. அதைத் தாண்டி எறிந்து, மெல்ல இழுத்துவந்து, தண்டை ஒட்டி இறங்க விட வேண்டும். பெரும்பாலும் கடி கைக்குத் தெரியாது, தொய்ந்த தூண்டில் நரம்பு பக்கவாட்டில் நகர்வதுதான் அடையாளம். அந்த நொடியே சுண்டி, தலையைத் திருப்ப விடாமல் மேலே தூக்கிவிட வேண்டும். ஒரு சுற்று மரத்தைச் சுற்றிவிட்டால் மீனும் போகும், நரம்பும் போகும். இந்த வேலையில் எனக்கு இன்றும் அலுக்காத பகுதி இதுதான்.

மீன்கள் நன்றாகவே கடித்தன. கடித்தவையெல்லாம் ஒரே மாதிரி இருந்ததுதான் கவலை. 11 முதல் 13 அங்குலம், பெரிய தலை, ஒட்டிய வயிறு, கத்திபோல் முதுகு. 13 அங்குல பாஸ் நல்ல நிலையில் இருந்தால் 500 கிராமுக்கு மேல் இருக்கும். இங்கே தராசு 400-ஐ ஒட்டியே நின்றது. ஒரு பவுண்டு எடை கூட பாஸுக்குச் சுமார் பத்து பவுண்டு இரை வேண்டும். மரங்கள் இவ்வளவு நெருக்கமாக இருந்தால் புளூகில்லுக்கு ஒளிய இடம் அதிகம், பிடிப்பது கடினம். கிடைக்கும் கொஞ்சத்துக்கும் போட்டி.

மதியத்துக்கு மேல், பழைய ஓடைப் பள்ளத்தின் விளிம்பில் நின்ற போடார்க் என்ற வகை மரம் ஒன்றின் அடியில் பெரிய மீன் ஒன்று கடித்தது. 21 அங்குலம், சினை நிறைந்த பெண் மீன், நல்ல கொழுப்பு. வாய் பெரிதானால் சின்ன மீன்களால் விழுங்க முடியாததையும் விழுங்கலாம், சின்ன பாஸையே தின்னலாம். அந்த அளவை எட்டிய சிலவற்றுக்கு இரைப் பஞ்சமில்லை. எட்டுவதற்குள்தான் மற்றவற்றின் வளர்ச்சி நின்றுபோகிறது. தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிடாமல், வயிற்றுக்கடியில் இன்னொரு கையைக் கொடுத்து அவர் அதை விட்டார். அவர் கை நடுங்கியது.

பிடித்த பாஸ் ஒன்றைக்கூடக் கொன்றதில்லை என்றார். 1972-ல் ரே ஸ்காட் தன் பாஸ் போட்டிகளில் மீனை உயிரோடு திரும்ப விடச் செய்தார். அந்த வழக்கம் ஒரு தலைமுறைக்கே அறமாகிவிட்டது. பலர் வந்து பிடிக்கும் பொது ஏரிகளை அது காப்பாற்றியது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு குடும்பம் மட்டும் பிடிக்கும் ஏரியில் அதுவே மீன்களைப் பட்டினி போடுகிறது. நம் ஊரில் கட்லா, ரோகு வளர்ப்பவரிடம் மீனைப் பிடித்து எடுங்கள் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. இவரிடம் சொல்லத்தான் வேண்டியிருந்தது, அதுவும் ஏரியை இவ்வளவு நேசிப்பவரிடம்.

14 அங்குலத்துக்குக் குறைந்தவற்றில் ஆண்டுக்கு ஏக்கருக்கு 20 பவுண்டாவது எடுங்கள் என்றேன். மொத்தம் 1,200 பவுண்டு. அவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், தீவனம் போட்டால் போதாதா, இரையாக ஷாட் என்ற சின்ன மீன் வாங்கி விட்டால் போதாதா என்று கேட்டார். இரண்டும் உதவும், ஆனால் வாய்களின் எண்ணிக்கை குறையாது என்றேன். லேக் ஃபோர்க்கிலேயே 16 முதல் 24 அங்குலம் வரை உள்ளதைத்தான் வைத்துக்கொள்ளக் கூடாது, அதற்குக் குறைந்ததில் ஐந்து வரை எடுக்கலாம் என்று சொன்ன பிறகுதான் தலையசைத்தார்.

அன்று மாலை பிடித்த சின்னவற்றை ஐஸ் பெட்டியில் போட்டோம். சிலவற்றின் காதெலும்பை எடுத்து, வயதைச் சொல்லும் வளையங்களைப் பார்த்தேன். இரண்டு வயதில் எட்டியிருக்க வேண்டிய நீளத்தை நான்கு வயதில் எட்டியிருந்தன. சதையை அவர் மனைவி மக்காச்சோள மாவில் புரட்டிப் பொரித்தார். நன்றாக இருந்தது, அவரும் சாப்பிட்டார்.

இப்போது படகுத்துறையில் ஒரு பெட்டியும் ஒரு நோட்டும் வைத்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் பிடிக்கும் ஒவ்வொரு மீனின் நீளமும் எடையும் அதில் ஏறுகிறது. கரையோரத்தில் சில வரிசை மரங்களை எடுத்து இடைவெளி விடவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த மார்ச்சில் போகும்போது 13 அங்குல மீன்களின் எடையைத்தான் முதலில் பார்ப்பேன்.