காரணம் கேட்ட மகள்

ஒரு நாள் மாலை தோழியைப் பார்க்கக் கிளம்பிய மகளிடம், ஏழு மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்றேன். வாசற்படியில் உட்கார்ந்து ஒரு செருப்பின் வாரை மாட்டிவிட்டு மற்றொன்றைக் கையில் எடுத்தவள், அண்ணனுக்கு மட்டும் ஏன் நேரம் சொல்வதில்லை என்று நிதானமாகக் கேட்டாள். பாதுகாப்புக்காக என்று சொல்ல வாயெடுத்தேன். பாதுகாப்பு அவனுக்கும் வேண்டியதுதானே என்று தோன்றியதும் சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அந்தச் செருப்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு அவள் என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

சுதந்திரத்துக்கு எல்லையே கூடாது என்று நான் கருதவில்லை. 1789-இல் பிரான்சில் வெளியான மனித உரிமைப் பிரகடனத்தின் நான்காம் பிரிவு, பிறருக்குத் தீங்கு செய்யாத எதையும் செய்ய முடிவதே சுதந்திரம் என்றும், மற்றவர்களும் அதே உரிமைகளைத் துய்ப்பதை உறுதிசெய்யும் எல்லைகளைத் தவிர வேறு எல்லை அதற்கு இல்லை என்றும் சொல்கிறது. 1859-இல் ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் இன்னும் ஒரு படி மேலே போய், ஒருவருடைய சொந்த நன்மை என்பது அவரைக் கட்டாயப்படுத்தப் போதுமான காரணம் ஆகாது என்று எழுதினார். குழந்தைகளுக்கு இது பொருந்தாது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். என் மகளுக்கோ இருபது வயது நிறைந்துவிட்டது.

அந்தப் பிரகடனம் பேசிய மனிதருக்குள் பெண் அடங்கவில்லை என்பதைக் கண்டு, 1791-இல் பிரெஞ்சு எழுத்தாளர் ஒலாம்ப் தெ கூஜ் பெண்ணுக்கான உரிமைப் பிரகடனம் ஒன்றை எழுதினார். அதே நான்காம் பிரிவை எடுத்துக்கொண்டு, பெண் தன் இயற்கை உரிமைகளைப் பயன்படுத்துவதற்கு இருக்கும் ஒரே எல்லை ஆணின் ஓயாத கொடுங்கோன்மைதான் என்று மாற்றி எழுதிய அவர், 1793-இல் தலையைத் துண்டிக்கும் கில்லட்டின் இயந்திரத்தில் கொல்லப்பட்டார். பிரான்சுப் பெண்கள் வாக்குரிமை பெற 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கூஜ் எழுதிய அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: என் வீட்டில் அந்த எல்லையைப் போட்டது ஓர் ஆண் அல்ல, நான்.

தொற்றுநோய்க் காலத்தில் நோயுற்றவரைத் தனித்திருக்கச் சொல்கிறோம். நோய் பிறருக்குப் பரவும் என்பது அதற்கான காரணம், பரவும் ஆபத்து நீங்கியதும் கட்டுப்பாடும் நீங்கிவிடும். சாலையில் வேக வரம்பு வைக்கிறோம். அது வண்டி ஓட்டும் எல்லோருக்கும் பொது. நான் மகளுக்கு வைத்த ஏழு மணியோ யாருக்கும் தீங்கு வராமல் தடுக்கவில்லை, எல்லோருக்கும் பொதுவாகவும் இல்லை. இரவில் தனியே வரும் பெண்ணுக்கு ஆபத்து இருக்கிறது என்பது உண்மைதான், அந்த அச்சம் எனக்கு இன்றும் போகவில்லை. ஆனால் தீங்கு செய்யக்கூடியவன் தெருவில் தடையின்றி நடக்க, தீங்குக்கு ஆளாகக்கூடியவளை வீட்டுக்குள் வைப்பது எந்த விதத்தில் நியாயம்? சுதந்திரமாக இருப்பவர் அதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை, எல்லை போடுபவர்தான் சொல்ல வேண்டும் என்று நம்புகிற நான், அன்று சொல்லக் காரணமின்றி நின்றேன்.

என்னிடம் சரியான காரணம் இல்லை என்று அவளிடம் ஒப்புக்கொண்டேன். அன்றிரவு இருவரையும் உட்காரவைத்து, இனி நேரக் கணக்கு யாருக்கும் இல்லை, வரத் தாமதமானால் இருவருமே ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். தனக்கு எதற்கு இந்தப் புதிய கட்டுப்பாடு என்று மகன் முகம் சுளித்தான். நீ வந்து சேரும்வரை எனக்குத் தூக்கம் வருவதில்லை என்று சொன்னேன்.