ஃபால்கன் பேர் வாங்கிய கதை

ஃபோர்டு ஃபால்கன் கார் என்றாலே ஆஸ்திரேலியர்கள் பாதர்ஸ்ட் கார் பந்தயத்தையும் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சினையும் பற்றித்தான் பேசுவார்கள். சரி, பேசட்டும். எனக்குப் பிடித்தது வேறு: 1960-ல் அமெரிக்க வடிவமைப்போடு இறங்கிய கார், அங்குள்ள மண்சாலைகளில் முன்பக்க சஸ்பென்ஷன் தாங்காமல் பேர் கெட்டு, 1965-ல் ஃபோர்டின் யூ யாங்ஸ் சோதனைத் தடத்தில் இரவு பகலாக 70,000 மைல் ஓட்டிக் காட்டித்தான் அந்தப் பேரை மீட்டது. அப்புறம் அந்த ஆறு சிலிண்டர் எஞ்சின்! டிக்கியில் கேஸ் டாங்க்கோடு டாக்சியாக உழைத்து ஓய்ந்த வண்டியிலிருந்துகூட 'பாரா' என்ற 4 லிட்டர் எஞ்சினைக் கழற்றி, வேகம் கூட்ட டர்போ மாட்டி விரட்டுகிறார்கள்.

2016 அக்டோபர் 7-ல் மெல்போர்னின் பிராட்மெடோஸ் ஆலையிலிருந்து கடைசி ஃபால்கன் வெளியே வந்தது. எஸ்யூவி மோகம்தான் காரணம் என்பார்கள். ஏற்றுமதிச் சந்தையைப் பெரிதாகப் பிடிக்காமல் விட்டதும்தான் என்பேன் நான்.