அப்பா இன்று 20 நிமிடம் நடந்தார்

பைபாஸ் முடிந்து இன்றோடு ஆறு வாரம். காலையில் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் அப்பா நிற்காமல் 20 நிமிடம் நடந்தார்!

வீட்டுக்கு வந்த புதிதில் வாசல்வரை வரவே பயந்தார். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொள்வார். அறுத்துக் கம்பியால் சேர்த்துக் கட்டிய நெஞ்செலும்பு அசையக் கூடாதே. பார்க்க வந்தவர்கள் எல்லாம் "பேசாம படுத்துக்கிடும் வே" என்றார்கள். அன்பில் சொன்னதுதான், ஆனால் தப்பு. படுத்தே கிடந்தால் உடம்பு இன்னும் தளர்ந்துதான் போகும். உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், டிஸ்சார்ஜ் ஆகும்போதே மறுவாழ்வுப் பயிற்சி பற்றி டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

எங்களுக்கு பிசியோதெரபிஸ்ட் சொன்னது: ஐந்து நிமிடத்தில் ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். நடக்கும்போதே பேச முடிய வேண்டும். பேச்சு திணறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

அதனால் தினமும் கூட நடந்து கதை கேட்கிறேன். இன்று, குறுக்குத்துறையில் தாத்தா அவருக்கு நீச்சல் பழக்கிய கதை. திணறாமல் முழுசாகச் சொல்லி முடித்துவிட்டு, "இன்னொரு சுத்து போவமாலே?" என்றார். நாளைக்கு போகலாம்ப்பா என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.