தியெப்ல ஒரு டீலர் பண்ண வேலை

பிரெஞ்ச் கார்னா ரெனோ, பூஜோனு நின்னுடுறோம், ஆனா எனக்கு புடிச்சது அல்பீன். ழான் ரெடெலேனு ஒருத்தர், பிரான்ஸோட வடக்கு கடலோரத்துல தியெப்ங்கற ஊர்ல ரெனோ டீலரா இருந்தவரு, ரெனோவோட சாதாரண 4சிவிங்கற சின்ன காரை எடுத்துட்டு போய் ரேஸ் ஓட்டி ஜெயிச்சுட்டு இருந்தாரு. ஆல்ப்ஸ் மலை ரோட்டுல ஓட்டுறதுதான் தனி சந்தோஷம்னு தோணி, 1955ல ஆரம்பிச்ச கம்பெனிக்கு அந்தப் பேரையே வச்சுட்டாரு.

1962ல வந்த ஏ110 இருக்கே, அப்பப்பா! நடுவுல முதுகெலும்பு மாதிரி ஒரு ஸ்டீல் சேஸி, மேல ஃபைபர்கிளாஸ் பாடி, இன்ஜின் பின்னாடி, மத்ததெல்லாம் ரெனோ பார்ட்ஸ்தான், அதனால வெயிட்டே இல்ல, வளைவுல பின்பக்கத்தை ஆட்டிக்கிட்டே போகும். 1971ல மான்டே கார்லோ ராலி ஜெயிச்சுது, 1973ல முதல் உலக ராலி சாம்பியன்ஷிப்பே இவங்களுக்குத்தான், அதுவும் பெரிய பெரிய கம்பெனிங்களை ஓரங்கட்டிட்டு!

அதே வருஷம் ரெனோ பெரும்பங்கை வாங்கிடுச்சு. பெட்ரோல் விலை ஏறுன நேரம் வேற. 1978ல லெ மான்ஸ் 24 மணி நேர ரேஸ் ஜெயிச்சாங்க சரி, ஆனா ரோட்டு கார் வியாபாரம் இறங்கிட்டே போய் 1995ல அந்தப் பேரையே மூட்டை கட்டிட்டாங்க, தியெப் ஃபேக்டரி மட்டும் ரெனோவுக்கு வேற கார் செஞ்சுட்டு இருந்துச்சு.

2017ல அதே ஃபேக்டரியில அதே ஏ110 பேர்ல திரும்ப கார் வந்துச்சு, இந்த தடவை இன்ஜின் நடுவுல, அலுமினிய பாடி, கிட்டத்தட்ட 1100 கிலோதான். ரெடெலே 2007லயே போயிட்டாரு, பாக்க குடுத்து வைக்கல.