மானிட்டரில் தெரியும் 65

கிருமித்தொற்றால் பிபி ஆபத்தாக இறங்கிய செப்டிக் ஷாக் நோயாளி ஒருவருக்கு பிபி 90/50, இன்னொருவருக்கு 84/56. பார்த்தவுடன் முதலாமவர் தேவலை என்று தோன்றும். சராசரி அழுத்தத்தைக் கணக்கிட்டால் அவருக்கு 63, மற்றவருக்கு 65. ஐசியுவில் 'மேப்' என்று சொல்லும் இந்த எண்ணை 65க்குக் குறையாமல் வைக்கத்தான் மருந்தை ஏற்றி இறக்குகிறோம்.

அந்த 65 மெய்யா என்று முதலில் பார்க்க வேண்டும். தமனிக்குள் செருகிய குழாயின் அழுத்தத்தை அளக்கும் டிரான்ஸ்டியூசர் இதய மட்டத்தில், நாலாவது விலா இடைவெளி அக்குளின் நடுக்கோட்டைத் தொடும் இடத்துக்கு நேராக இருக்க வேண்டும். கட்டிலை உயர்த்திவிட்டு, அது மாட்டியிருக்கும் ஸ்டாண்டை மறந்துவிட்டால், 10 செ.மீ.க்குப் பாதரச அளவில் ஏறத்தாழ 7 மி.மீ. கூட்டிக் காட்டும். உண்மையில் 58 இருப்பவருக்கு மருந்தைக் கூட்டாமல் விட்டுவிடுவோம். குழாயில் காற்றுக்குமிழி நின்றாலோ, அதற்குள் திரவத்தைத் தள்ளும் பிரஷர் பேக்கின் அழுத்தம் 300க்குக் கீழே இறங்கினாலோ மானிட்டரில் அழுத்த அலை மழுங்கிவிடும்.

ரத்தக்குழாய்களைச் சுருக்கி பிபியை ஏற்றும் நார்அட்ரினலின் 4 மி.கி.யை 50 மி.லி. ஆக்கினால் மி.லி.க்கு 80 மைக்ரோகிராம். 60 கிலோ எடைக்கு மணிக்கு 4.5 மி.லி. ஓடினால், நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.1 மைக்ரோகிராம். ஆம்பூலில் இருப்பது பைடார்ட்ரேட் (உப்பு வடிவம்) அளவா, பேஸ் (தனி மருந்து) அளவா என்று படித்துவிட்டுக் கலக்குங்கள்; 2 மி.கி. பைடார்ட்ரேட்டில் பேஸ் 1 மி.கி.தான். பெரிய சிரையில் போடும் சென்ட்ரல் லைனுக்காகக் காத்திராமல் முழங்கை மடிப்பிலோ அதற்கு மேலோ நல்ல சிரையில் தொடங்கலாம். சிரிஞ்ச் மாற்றும் நேரம் ஆபத்தானது. மருந்தின் வேகம் சில நிமிடங்களில் அடங்கிவிடும் என்பதால், பழையது தீருமுன் அடுத்த பம்ப் தயாராக ஓட வேண்டும். அதே லைனில் வேறு எதையும் வேகமாகத் தள்ளி பிளஷ் செய்யவே கூடாது. குழாயில் நிற்கும் மருந்து மொத்தமாக உள்ளே போய் பிபி எகிறும்.

கூடுதல் அழுத்தம் கூடுதல் உயிரைக் காக்குமா? 2014இல் வெளியான பிரான்ஸ் ஆய்வில் 776 பேரை மேப் இலக்கு 65–70, 80–85 என்று இரு குழுவாக்கினார்கள். 28 நாள் இறப்பில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை; உயர்ந்த இலக்கில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் துடிப்புக் கோளாறு கூடியது. ஆனால் நெடுநாள் ரத்தக்கொதிப்பு உள்ளவர்களில் டயாலிசிஸ் தேவை குறைந்தது. அதனால்தான் பழைய பிபி சீட்டைக் குடும்பத்தாரிடம் கேட்டு வாங்குகிறோம்.

எண் சரியாக இருந்தும் முழங்கால் தோல் திட்டுத்திட்டாகக் கறுத்தால் நம்பாதீர்கள். விரல் நுனியை 10 விநாடி அழுத்தி விடுங்கள். நிறம் திரும்ப 3 விநாடிக்கு மேல் ஆனால் ரத்தம் திசுவைச் சேரவில்லை.

நார்அட்ரினலின் நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.25 மைக்ரோகிராமைத் தாண்டினால், பிபியை ஏற்றும் இன்னொரு மருந்தான வாசோபிரசின், ஸ்டீராய்டான ஹைட்ரோகார்டிசோன் என்று யோசிப்போம். அப்போது சீழ் எங்கே தங்கியிருக்கிறது என்றும் தேடியாக வேண்டும். கல் அடைத்த சிறுநீரகத்தில் சீழ் கட்டியிருந்தால், அதை வடிக்கும்வரை பம்ப்பின் எண் ஏறிக்கொண்டேதான் போகும்.