ஃபேமிகாம் ஆக்‌ஷன் கேம்கள்: முடித்ததும் முடியாததும்

நின்டெண்டோவின் பழைய கேம் பெட்டியான ஃபேமிகாமில் சிறந்த ஆக்‌ஷன் கேம் எது என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் நீட்டுவார்கள். பட்டியல் படித்து அலுத்துவிட்டது. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசி பாஸ் (ஸ்டேஜ் முடிவில் வரும் பெரிய எதிரி) வரை ஆடி முடித்துவிட்டுப் பேசலாம் என்று இறங்கியிருக்கிறேன். சீட் கோட் கிடையாது. நினைத்த இடத்தில் சேவ் செய்வது கிடையாது. கேமே தரும் கன்டினியூவும் பாஸ்வேர்டும் மட்டும் செல்லும்.

முதலில் பெட்டியைப் பற்றி. 1983 ஜூலையில் வந்த அசல் ஃபேமிகாம் ஆன்டெனா வழியாகத்தான் டிவிக்குப் படம் அனுப்பும். அந்த ஜப்பானிய சேனல் அலைவரிசை நம்மூர் டிவியோடு ஒத்துவராது. அதனால் படத்தையும் ஒலியையும் கேபிள் வழியாக நேரே அனுப்பும், 1993ல் வந்த ஏவி மாடலை எடுத்தேன். வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: இதற்கான ஜப்பானிய அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது, நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அதோடு கதை முடிந்தது. பெட்டிக்கு வேண்டியது 10 வோல்ட் டிசி, 850 மில்லி ஆம்பியர், அதிலும் பின்னின் நடுமுனை நெகட்டிவ். இங்கே கடையில் கிடைப்பவற்றில் பலவும் நடுமுனை பாசிட்டிவ். அடாப்டர் மேல் போட்டிருக்கும் அந்தச் சின்ன வட்டப் படத்தைப் பார்த்துவிட்டுச் செருகுங்கள்.

ஜப்பானிய கேசட்டுக்கு 60 பின், ஃபேமிகாமின் அமெரிக்க வடிவமான என்.இ.எஸ் கேசட்டுக்கு 72 பின். நடுவில் ஒரு கன்வெர்ட்டர் போட்டால் அமெரிக்க கேசட்டும் இதில் ஓடும். தொண்ணூறுகளில் நம் வீடுகளில் இருந்த 'டிவி கேம்' பெட்டிகள் எல்லாம் ஃபேமிகாமின் நகல்கள்தான், அந்தக் கேசட்டுகளுக்கும் 60 பின்தான். பரணில் கிடந்தால் இறக்கிப் பாருங்கள். ஓடவில்லை என்றால் ஊதிப் போடாதீர்கள். வாயின் ஈரம் செப்புத் தகடுகளை அரிக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தாலே வேலை முடிந்துவிடும்.

டிவி, பழைய டியூப் டிவி. ஏக்கத்தால் அல்ல. கேம் நொடிக்கு 60 தடவை படம் வரைகிறது, ஒவ்வொரு படத்துக்கும் ஏறக்குறைய 16.7 மில்லி வினாடி. பட்டனையும் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் பார்க்கும். எல்.இ.டி டிவி வாங்கிய சிக்னலைப் பெரிதாக்கி, மெருகேற்றிக் காட்டுவதற்குள் சில படங்கள் கடந்துபோய்விடும். டியூப் வாங்க வாங்க வரைந்துவிடும். கேம் மோட் இருக்கும் புது டிவியிலும் ஆடலாம், முடியாது என்றில்லை. டியூப் டிவி தேடுபவர்கள் அது ஜப்பானிய முறையான என்.டி.எஸ்.சி சிக்னலை ஏற்குமா என்று பார்த்து வாங்குங்கள். நம்மூர் முறையான பால் (PAL) மட்டும் தெரிந்த டிவியில் படம் கறுப்பு வெள்ளையாக வரும்.

இதில் ஒரு வேடிக்கை. நம்மூர் நகல் பெட்டிகள் பால் முறையில் நொடிக்கு 50 படம் ஓடியவை. அசலுக்கு 60. ஆக, சின்ன வயதில் நாம் ஆடிய காண்ட்ரா ஆறில் ஐந்து பங்கு வேகக் காண்ட்ரா. கட்டைவிரலுக்கு அந்த வேகம்தான் பழக்கம். அசல் பெட்டியில் ஆரம்ப நாட்கள் முழுக்க நான் பட்டனை அழுத்தும் முன்பே குண்டு வந்து சேர்ந்தது.

ஆட ஆட ஒன்று தெளிவாகிக்கொண்டு வருகிறது. இந்தக் கேம்களைப் பிரித்துப் பார்க்க கதை, கிராஃபிக்ஸ், ஆயுத எண்ணிக்கை எதுவும் வேண்டாம். காலைத் தரையிலிருந்து எடுத்த பிறகு மனசை மாற்றிக்கொள்ள விடுகிறதா இல்லையா என்று பார்த்தால் போதும். அந்த ஒரு முடிவிலிருந்துதான் மற்ற எல்லாம் பிறக்கிறது: எதிரி எங்கே நிற்பான், பள்ளம் எவ்வளவு அகலம், அடி பட்டால் என்ன ஆகும், எல்லாம்.

காண்ட்ரா (கொனாமி, 1988): முடிந்தது

மாற்றிக்கொள்ள விடும். குட்டிக்கரணம் போட்டு எழும்பிய பிறகு இடது வலது எப்படி வேண்டுமானாலும் திரும்பலாம். ஒரே அடியில் உயிர் போகும் கேமில் இந்தச் சலுகை இல்லாவிட்டால் யாரும் முதல் ஸ்டேஜையே தாண்டியிருக்க மாட்டார்கள்.

மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ. இது தெரியாத தொண்ணூறுகளின் பிள்ளை கிடையாது. கிராடியஸ் கேமை 1986ல் ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்தபோது, தன்னால் அதை ஆடி முடிக்க முடியவில்லை என்று கொனாமியின் கசுஹிசா ஹஷிமோட்டோ வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. காண்ட்ராவில் அது முப்பது உயிர் தரும். அதை விட்டுவிட்டு மூன்று உயிர், மூன்று கன்டினியூ என்று ஆடினால்தான் வேறு ஒன்று புரிகிறது: உயிர் போவதைவிட 'எஸ்' துப்பாக்கி போவதுதான் பெரிய இழப்பு. ஐந்து குண்டு விசிறி மாதிரி விரியும் அந்தத் துப்பாக்கியை வைத்துக்கொண்டு பாஸுக்கு முட்டிக்கொண்டு நின்று சுட்டால் ஐந்தும் ஒரே இடத்தில் இறங்கும். அது போய்விட்டால் சாதாரணத் துப்பாக்கியோடு ஹாங்கர் ஸ்டேஜில் மேலிருந்து இறங்கும் கொக்கிகளுக்கு நடுவே நிற்க வேண்டும். முப்பது உயிர் இருந்தபோது இந்தப் பயமே எனக்குத் தெரிந்ததில்லை. லேசரை மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். அவசரத்தில் மறுபடி அழுத்தினால் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும் கதிர் அறுந்துவிடும்.

முடிந்தால் ஜப்பானியப் பதிப்பைப் பாருங்கள். கொனாமி தானே செய்த சிப் உள்ளே இருப்பதால் காட்டில் மரங்கள் அசையும், பனி ஸ்டேஜில் பனி கொட்டும். ஆட்டத்தில் மாற்றம் பெரிதாக இல்லை, கண்ணுக்குத்தான்.

மெகா மேன் 2 (கேப்காம், 1988): முடிந்தது

இது ஒரு படி மேலே போய், பட்டனை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவு உயரம் குதிக்க விடுகிறது. தாராளம் என்றால் இதுதான் தாராளம். அதனால் கஷ்டத்தை வேறு இடத்தில் வைக்க வேண்டியிருக்கிறது. முள்ளில் கால் பட்டால் உயிர் போகும், குவிக் மேன் ஸ்டேஜில் குறுக்கே பாயும் ஒளிக்கற்றை பட்டாலும் உயிர் போகும்.

எட்டு பாஸ்களை எந்த வரிசையில் வேண்டுமானாலும் அடிக்கலாம், தோற்றவன் ஆயுதம் நமக்கு. வரிசை தெரிந்துவிட்டால் பாதிக் கஷ்டம் போய்விடும். நான் போன வழி: முதலில் மெட்டல் மேன், அவனுடைய வட்டக் கத்தியை எட்டுத் திசையிலும் எறியலாம், செலவும் குறைவு. பிறகு ஏர் மேன். அவனை அடித்தால் ஐட்டம் 2 என்ற பறக்கும் பலகை கிடைக்கும். அதன் மேல் ஏறிக்கொண்டு ஹீட் மேன் ஸ்டேஜில் தோன்றி மறையும் கட்டைகளை மொத்தமாகக் கடந்துவிடலாம். அந்தக் கட்டைகளை நேர்மையாகத் தாவிப் போகிறவர்களுக்கு என் வணக்கம்.

கோபம் வந்த இடம் ஒன்றுதான். வில்லன் வைலியின் கோட்டையில் நாலாவது ஸ்டேஜ் பாஸ். சுவரில் ஐந்து பீரங்கி, மறைக்க இரண்டு தடுப்பு. கிராஷ் குண்டு மட்டும்தான் வேலை செய்யும். அது முழு அளவில் இருந்தாலும் ஏழுதான் வெடிக்கும். ஐந்தும் இரண்டும் ஏழு. ஒன்று வீணானாலும் கணக்கு இடிக்கும். உயிர் போனால் ஆயுதம் நிரம்புமா என்றால் அதுவும் இல்லை, கேம் ஓவர் ஆனால்தான் நிரம்பும். இவ்வளவு அன்பான கேமுக்குள் இந்த ஒரு அறையை யார் வைத்தார்களோ! இதற்காகவே என் வரிசையில் இதை முதலிடத்தில் வைக்கவில்லை. இசைக்கு மட்டும் என்றால் வைத்திருப்பேன்.

காசில்வேனியா (கொனாமி, 1986): முடிந்தது, இதுவரை முதலிடம்

விடாது. துளியும் விடாது. நாயகன் சைமன் எழும்பிய கணத்திலேயே எங்கே இறங்குவான் என்பது முடிந்துபோன விஷயம். நின்ற இடத்தில் குதித்தால் நின்ற இடத்தில்தான் இறங்குவான். சவுக்கு சொடுக்க ஒரு கணம் பிந்தும். அடி பட்டால் பின்னால் தூக்கி எறியப்படுவான், பின்னால் பள்ளம் இருந்தால் அவ்வளவுதான்.

முதலில் இது பழைய கேமின் முரட்டுத்தனம் என்றே தோன்றும். ஆனால் செய்தவர்களுக்கு நம் குதி எங்கே விழும் என்று அங்குல அளவில் தெரியும். அதை வைத்து எதிரிகளை நிறுத்தியிருக்கிறார்கள். அலை மாதிரி மேலும் கீழுமாக மிதந்து வரும் மெடூசா தலைகளைப் பாருங்கள். தனியாக வந்தால் ஒன்றுமே இல்லை. குதிக்க வேண்டிய பள்ளத்தின் மேல் வரும்போதுதான், அலை இறங்கும் நேரத்தில் கிளம்புவதா ஏறும் நேரத்தில் கிளம்புவதா என்று யோசிக்க வைக்கும். காண்ட்ராவில் இதே தலைகள் வந்தால் காற்றில் திரும்பிக்கொண்டு போய்விடுவோம், யோசனைக்கே வேலை இருக்காது.

எல்லோரும் மாட்டும் இடத்தில்தான் நானும் வெகுநாள் கிடந்தேன்: எமன் பாஸுக்கு முந்திய நடை. கோடாரி எறியும் கவச வீரர்கள் முன்னால், மெடூசா தலைகள் இரண்டு பக்கமும். கோடாரிக்குக் குனிந்தால் தலை வந்து மோதும், தலைக்கு எழுந்தால் கோடாரி. உயிர் போனால் அதே நடையின் தொடக்கத்திலிருந்து. வழி திறந்தது புனித நீரால். கீழே விழுந்து எரியும் அந்தத் தீயில் மாட்டியவன் அங்கேயே உறைந்து நிற்பான். வீரனை அப்படி நிறுத்திவிட்டால் இரண்டு பிரச்சினை ஒன்றாகக் குறைகிறது, மெடூசா தலையை நிதானமாகச் சவுக்கால் பார்த்துக்கொள்ளலாம். அதே புனித நீரை அடுத்தடுத்து எறியும் சக்தியோடு எமன் அறைக்குள் போய்ச் சேர்ந்தால் எமனாலும் அசைய முடியாது. அங்கே போய்ச் சேர்வதுதான் பாடு. வழியில் விளக்கை உடைக்கும்போது விழும் வேறு ஆயுதத்தை மிதித்துவிட்டால் புனித நீர் போய்விடும். அதனால் அந்த ஸ்டேஜில் எந்த விளக்கைத் தொடக்கூடாது என்று ஒரு தாளில் எழுதி டிவி பக்கத்தில் ஒட்டி வைத்திருந்தேன்.

ஜப்பானில் இது முதலில் ஃபேமிகாமோடு இணைக்கும் டிஸ்க் சிஸ்டத்துக்கு வந்தது, அதில் சேவ் உண்டு. 1993ல் கேசட்டாக வந்தபோது சுலப மோட் சேர்த்தார்கள். நான் ஆடியது கன்வெர்ட்டர் போட்ட அமெரிக்க கேசட், சேவும் இல்லை, சுலபமும் இல்லை. ஆனால் கன்டினியூவுக்குக் கணக்கில்லை, அது போதும்.

ஜர்னி டு சிலியஸ் (சன்சாஃப்ட், 1990): முடிந்தது

ஐந்தே ஸ்டேஜ். கேம் பரவாயில்லை ரகம். இதை ஆடியதே சத்தத்துக்காக. ஃபேமிகாமில் பதிவு செய்த ஒலித்துண்டை ஓட்ட ஒரு தடம் உண்டு, பெரும்பாலோர் அதை டிரம் தட்ட வைத்துக்கொண்டார்கள். சன்சாஃப்ட் ஆட்கள் அதில் பேஸ் கிதாரை ஓட்டினார்கள். முதல் ஸ்டேஜ் இசையை நல்ல ஸ்பீக்கரில் கேளுங்கள், 1983ல் செய்த சில்லு என்று நம்ப மாட்டீர்கள்.

நிஞ்சா கைடன் (டெக்மோ, 1988): ஆறாம் அத்தியாயத்தில் நிற்கிறது

மெகா மேன் 2 வந்த அதே டிசம்பரில் வந்தது. வேகத்தில் இதற்கு ஈடு இந்தப் பெட்டியில் நான் பார்த்தவரை இல்லை. சுவரைப் பற்றலாம், எதிர்ச் சுவருக்குத் தாவலாம். தரையில் வெட்டினால் கால் நின்றுவிடும், தாவும்போது வெட்டினால் ஓட்டம் குறையாது. ஆகவே கேம் நம்மை எப்போதும் காற்றிலேயே இருக்கச் சொல்கிறது, பிறகு காற்றில் இருப்பவனை அடிக்கப் பருந்துகளை அனுப்புகிறது.

பருந்து மோதினால் பின்னால் எறியப்படுவது காசில்வேனியாவில் பார்த்ததுதான். புதிது என்னவென்றால், எதிரி கிளம்பும் இடம் திரையின் விளிம்பில் ஒளிந்திருக்கிறது. அந்த இடம் திரையை விட்டுப் போய்த் திரும்ப வந்தால் செத்தவன் மறுபடி வருவான். பயந்து ஒரு அடி பின்வாங்கினால் கொன்ற பருந்து திரும்ப முன்னால் நிற்கும். இதற்கு மருந்து ஒன்றுதான், பின்வாங்காமல் இருப்பது. கைக்கு அது இன்னும் படியவில்லை, 6-2ல் (ஆறாம் அத்தியாயத்தின் இரண்டாம் ஸ்டேஜ்) ஒவ்வொரு மேடை ஓரத்திலும் விரல் தானாக இடது பக்கம் போகிறது.

கடைசியில் மூன்று பாஸ் வரிசையாக. அங்கே தோற்றால் 6-1க்குத் தள்ளுகிறார்கள். ஒரே ஒரு கருணை, ஏற்கெனவே அடித்த பாஸை மறுபடி அடிக்க வேண்டாம். முகமூடிக்காரனை முடித்துவிட்டேன். அடுத்தவன் ஜாக்கியோ, இங்குமங்கும் மிதந்துகொண்டே நெருப்பு வீசுகிறான். அவனைப் பார்க்க ஒவ்வொரு தடவையும் 6-2 வழியாக நடந்து போக வேண்டும். கன்டினியூவுக்கு அளவில்லை என்பதால் தொடர்கிறேன், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: 6-2 கஷ்டமாக இருப்பதில் எனக்குப் புகார் இல்லை. அதைக் கடைசி பாஸுக்கான நுழைவுக் கட்டணமாக வைத்ததில்தான் புகார். காசில்வேனியாவின் எமன் நடையும் கட்டணம்தான், ஆனால் அது ஒரே நடை. இங்கே கேட்பது மூன்று ஸ்டேஜ்.

அகுமாஜோ தென்செட்சு (கொனாமி, 1989): ஆரம்பம்

காசில்வேனியா 3ன் ஜப்பானியப் பதிப்பு. கேசட்டுக்குள் இருக்கும் கொனாமியின் சிப் கூடுதலாக மூன்று ஒலித் தடம் தருகிறது. ஃபேமிகாமின் கேசட் துளையில் அந்த ஒலியைக் கலக்கும் வழி இருக்கிறது, என்.இ.எஸ்ஸில் அப்படி இல்லாததால் அமெரிக்கப் பதிப்பில் இசை மெலிந்துவிட்டது. ஏவி ஃபேமிகாம் வாங்கியதன் முழுப் பயன் இங்கேதான் தெரிகிறது.

நாயகனின் குதி பழைய கறார் குதிதான். ஆனால் கடிகாரக் கோபுரத்தின் உச்சியில் கிராண்ட் என்ற ஒருவனை வென்றால் அவன் நம்மோடு சேர்வான். சுவரில், கூரையில் ஊர்வான், கூடவே காற்றில் திரும்பவும் அவனால் முடியும். ஜப்பானியப் பதிப்பில் அவன் கத்தியை எறிகிறான், அமெரிக்கப் பதிப்பில் எட்டும் தூரத்தில் குத்த மட்டும் செய்வான். இரண்டு விதமான குதியையும் ஒரே கேமுக்குள் வைத்து, செலக்ட் பட்டனில் மாற்றிக்கொள் என்று கொடுத்திருக்கிறார்கள். இதனால் காசில்வேனியாவின் கறார் நீர்த்துப்போகிறதா என்பதைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். கோபுரத்திலிருந்து இறங்கும் வரை கிராண்டோடு வந்தாயிற்று, வேலை சுலபம்தான். அடுத்த சில ஸ்டேஜ்களை அவனைத் தொடாமல் ஆடிப் பார்க்கப் போகிறேன்.