புகைந்த டிரில் பிட்

இன்று பட்டறையில் ஒரு 8 மி.மீ. பிட். இரும்புப் பட்டையில் வைத்து அழுத்தினால் கீச்சென்று சத்தம், புகை. இரும்புச் சுருள் வரவில்லை, வெறும் பொடி.

முனையைப் பார்த்தால் கூர்மையாகத்தான் இருந்தது. கோளாறு விளிம்புக்குப் பின்னால்.

வெட்டும் விளிம்பைவிட அதன் பின்பகுதி தாழ்ந்திருக்க வேண்டும். பொதுவான வேலைக்கு 10 முதல் 12 டிகிரி சரிவு போதும். பின்பகுதி மேடாக நின்றால் அதுதான் முதலில் இரும்பில் உரசும், விளிம்பு இரும்பைத் தொடவே தொடாது. எவ்வளவு அழுத்தினாலும் சூடுதான் மிச்சம்.

சாணைக்கல்லின் முகத்துக்கு 59 டிகிரியில் பிட்டைச் சாய்க்கவும். விளிம்பு கிடைமட்டமாக இருக்கட்டும். கல்லில் மெதுவாகத் தொட்டு, பிட்டின் பின்முனையை மட்டும் கொஞ்சம் கீழே இறக்கவும். பலர் இங்கேதான் பிட்டை உருட்டி அடுத்த விளிம்பைக் கெடுத்துவிடுகிறார்கள். உருட்டவே வேண்டாம்.

இரண்டு பக்கமும் ஒரே நீளம், ஒரே கோணம். ஒரு விளிம்பு நீண்டால் நடுமுனை விலகி, துளை பிட்டின் அளவைவிடப் பெரிதாகிவிடும். துளை போடும்போது பிட்டைச் சுற்றி ஓடும் இரு பள்ளத்திலும் சுருள் வந்தால் சரி. ஒன்றில் மட்டும் வந்தால் மறுபடி கல்லுக்குப் போங்கள்.

ஹைஸ்பீடு ஸ்டீல் (சூடு தாங்கும் எஃகு) பிட் சாணையில் லேசாக நீலம் பாய்ந்தால் பயம் வேண்டாம். சிவக்கக் காய்ந்ததைத் தண்ணீரில் முக்குவதுதான் ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். மர உளி அப்படியில்லை: கார்பன் எஃகு நீலமானால் அந்த இடத்தில் பதம் போயிற்று.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். கையுறை கூடாது, கல் இழுத்துவிடும்.